மச்சானுக்கு ஒதுங்கியவன்

நவ்ஷாத்தோட உம்மா எனக்குப் பெரியம்மா மகள். அதனால அந்த வீட்டுல ஒரு சட்டி உருண்டாலும் என் காதுக்கு வந்துடும்.

எங்க ஊர்ல வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அவர் முகம் கோணாம பார்த்துக்கிறது பெண்ணோட கூடப்பிறந்த ஆம்பளைங்க பொறுப்பு. அவர் உட்காராம இவங்க உட்கார மாட்டாங்க. அவருக்கு முதுகு காட்டி நிற்க மாட்டாங்க. நடையில அவர் வந்தா சுவரோட ஒட்டி வழி விடுவாங்க. மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுத் தன் உம்மா வீட்டுக்குப் போயிட்டார்னா, சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள ஊரே பேசும். நவ்ஷாத்தோட வாப்பா ஹமீது சுல்தான் மவுத்தாகிறப்ப மகன் கையைப் பிடிச்சுச் சொன்னது ஒண்ணுதான்: "லாத்தா வீட்டுல மச்சான் மனசு நோகாமப் பார்த்துக்க."

லாத்தான்னா அக்கா, பேரு சாலிஹா. அவ மாப்பிள்ளை ஹசன் அலி தோஹாவுல இருந்தவர். அங்க கம்பெனி கிளப்புல ஸ்குவாஷ் பழகினார். ஊருக்கு வந்ததும் திருப்புல்லாணி ரோட்டுல இருக்கிற சாலிஹாவோட தென்னந்தோப்புல அதுக்குன்னு உயரமா ஒரு அறை கட்டினார். நாலு பக்கமும் சுவர். உள்ள ரெண்டு பேர் ஒரே சுவரைப் பார்த்து நின்னு, ஒரு சின்ன ரப்பர் பந்தை மாத்தி மாத்தி அடிக்கணும். கூட ஆட ஊர்ல ஆள் இல்லை. செல்போன் கடை வச்சிருந்த நவ்ஷாத்துக்கு அப்பத்தான் சுகர் வந்து, டாக்டர் ஓடச் சொல்லியிருந்தார்.

"ரோட்டுல ஓடி நாய்கிட்டக் கடி வாங்காத. இங்கன வா"ன்னு மச்சான் கூப்பிட்டார்.

விடிகாலையில சுபுஹு தொழுதுட்டு ரெண்டு பேரும் போவாங்க. எப்பவும் மச்சான்தான் ஜெயிப்பார். வந்து இடியப்பத்தைப் பிச்சுக்கிட்டே, "உன் தம்பி இன்னிக்கும் மண்ணைக் கவ்விட்டான்"னு சாலிஹாகிட்டச் சிரிப்பார். வருஷங்கள் அப்படி ஓடுச்சு, வீடும் நல்லா இருந்துச்சு.

ஆனா நவ்ஷாத்துக்கு அந்த ஆட்டத்து மேல ஆசை பிடிச்சுப் போச்சு. இன்னும் நல்லா ஆடணும். கடைக்குச் சாமான் எடுக்க மதுரைக்குப் போற ஞாயித்துக்கிழமையில, வினோத்குமார்னு ஒரு கோச்சுகிட்டப் பழகப் போனான். அவர் இவன் ஆடுறதைப் போன்ல படம் பிடிச்சுக் காட்டினார். பந்தை அடிச்ச கையோட இவன் பின்வாங்கிச் சுவரோட ஒட்டிக்கிறான். ஒவ்வொரு தடவையும்.

"யாருக்குங்க வழி விடுறீங்க?"

நவ்ஷாத் படத்தையே பார்த்தான். "மச்சானுக்கு சார்."

"கை நல்லா வருது. ஆனா பந்தியில பரிமாற வந்தவன் மாதிரி ஓரமா நிக்கிறீங்களே! அவர் பந்துக்குப் போற வழியை மறிக்காதீங்க, அது போதும். அடிச்சதும் நடுவுக்கு வந்துடுங்க. உங்க முதுகுக்குப் பின்னால அவர் ஓடட்டும்."

மச்சானை முதுகுக்குப் பின்னால ஓட விடுறதா? தோத்துக் குடுக்கணும்னு அவன் ஒருநாளும் நினைச்சதில்லை. ஒதுங்கினது காலோட பழக்கம்.

அந்தப் பழக்கத்தை மாத்த மாசக்கணக்காச்சு. வீட்டுலயும் நடுவுக்கு வந்து வந்து நிப்பான். "அடுப்படி நடுவுல எதுக்கு நிக்கிறீங்க, தோசை சுடவா?"ன்னு பொண்டாட்டி இஃப்ரா விரட்டுவா. மதுரையில நடுவுல நின்னவன் தோப்புல மட்டும் ஓரத்துலயே ஆடினான். அப்புறம் மதுரையில ஒரு போட்டிக்குக் கோச் இவன் பேரைக் குடுத்துட்டார். தினமும் சரியா ஆடாம அங்க போய் நிக்க முடியாது. ஒருநாள் காலையில, மச்சான் முன்னாலயே நடுவுல போய் நின்னான்.

"ஏலே, தள்ளுடா"ன்னு மச்சான் முதல்ல சிரிச்சார். அப்புறம் மூலைக்கு மூலை ஓடினார். மூச்சு வாங்குச்சு. ஆடின ஆட்டமெல்லாம் தோத்தார்.

மத்தியானம் சாலிஹா போன் பண்ணினா. "என்னடா பண்ணுன?"

"ஜெயிச்சேன் லாத்தா."

"அதுக்கா மனுஷன் தலையணையைத் தூக்கிட்டு உம்மா வீட்டுக்குப் போயிட்டாரு? என் மக லாமியாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வர்ற நேரம்டா. வாப்பா வீட்டுல இல்லேன்னா எவன் பேச்சை முடிப்பான்? போ, கூட்டிட்டு வா. ஒரு ஆட்டம் தோத்துக் குடு. உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

போனான். மச்சானே முந்திக்கிட்டார்: "வா, இன்னொரு தடவை ஆடிப் பார்ப்போம்."

தோக்கணும்னு முடிவு பண்ணித்தான் நவ்ஷாத் உள்ள போனான். ஆனா சுவரோரமா நிக்கலாம்னா கால் கேட்கலை. அடிச்சதும் அதுபாட்டுக்கு நடுவுக்குப் போகுது. வேற வழி இல்லாம, பந்து படக்கூடாத அடித் தகரத்துல அடிச்சான். திரும்பவும் அடிச்சான். தகரம் டமார்னு சத்தம் போட்டுச்சு. மச்சான் பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டார்.

"வேணும்னு அடிக்கிற."

"இல்ல மச்சான்."

"சும்மா இரு." பந்தைக் கையில உருட்டினார். "அப்ப இத்தனை வருஷமா நான் ஜெயிச்சது?"

வேணும்னு தோத்தேன்னு சொன்னா பொய். நீங்களா ஜெயிச்சீங்கன்னு சொன்னா அதுவும் பொய்.

"உங்களுக்கு ஒதுங்கி நின்னேன் மச்சான். அவ்வளவுதான்."

"ஒதுங்கி நின்னியா." மட்டையை உறையில போட்டார். "உன் லாத்தாகிட்ட எம்புட்டுப் பெருமை பேசியிருப்பேன்டா."

மகளுக்காக மச்சான் அன்னிக்கே சாலிஹா வீட்டுக்குத் திரும்பிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசி முடிச்சாங்க. அன்னிக்கு விருந்துல, நாலு பேர் ஒண்ணாச் சாப்பிடுற சஹன் தட்டு வந்துச்சு. எப்பவும் மச்சானும் நவ்ஷாத்தும் ஒரே சஹன்தான். அவர் பக்கத்துல நவ்ஷாத் உட்காரப் போனான். மச்சான் நிமிராம, தன் அண்ணன் மகனைக் கூப்பிட்டார்: "பர்வேஸு, இங்கன வந்து உட்காரு." நவ்ஷாத் கறிச்சட்டியை வாங்கிக்கிட்டு எல்லாருக்கும் பரிமாறினான்.

அதுக்கப்புறம் தோப்பு அறைக்கு ரெண்டு பேரும் போகலை. நவ்ஷாத் மதுரைப் போட்டிக்கு மட்டும் போனான். முதல் ஆட்டத்துல ஜெயிச்சுட்டு லாத்தாவுக்குத்தான் முதல்ல போன் பண்ணினானாம்.

"அல்ஹம்துலில்லாஹ்"னு சொல்லிட்டு, சாலிஹா குரலைத் தாழ்த்திக்கிட்டாளாம். "மச்சான் உள்ளதான் இருக்காரு. யாருகிட்டயும் சொல்லாதடா தம்பி."