சேர்வராயன் மலையில் அம்மா கேட்ட சேலை

சேர்வராயன் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், திறந்த புல்வெளியில், அம்மாவின் நடுக்கம் நின்றது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அம்மாவின் நீலம் பூத்த உதட்டைப் பார்த்தேன். என்னைப்போல் சாமி கும்பிடுகிற உங்களிடம் அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

1986 ஆடியில் எனக்கு மஞ்சள் காமாலை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மலையேற்றம், பேச்சுப் போட்டி, ரத்த தானம் என்று எதிலும் பேரைக் கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தவள், எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தேன். ஒரு கட்டத்தில் நான் பிழைப்பேன் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்போது அம்மா வேண்டிக்கொண்டாள். மகள் எழுந்து நடந்தால், மார்கழி வெள்ளியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த ஈரச் சேலையோடு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்தே வந்து, சேர்வராயன் குகைக்கோயிலில் இருக்கும் காவேரியம்மனுக்குப் புதுச்சேலை சாத்துகிறேன் என்று.

நான் எழுந்தேன். மார்கழியும் வந்தது.

மலைமேல் ஒண்டிக்கடை என்கிற எங்கள் ஊரில் அப்பாவுக்கு மளிகைக்கடை. வேண்டுதலைக் கூட இருந்து நடத்திக் கொடுக்க அப்பாவின் அக்கா சேலத்திலிருந்து வந்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை விடிந்தும் எதிர்வீடு தெரியாத பனி. அப்பா தயங்கினார்.

"ஏனுங்கக்கா, பனி நொம்ப இருக்குது. மேல போயி நனைச்சுக்கலாமில்லீங்க?"

"வேண்டுதல்ல கொறச்சல் வெக்கலாமாடா? கடையில தராசப் புடிச்சுப் புடிச்சு உனக்குப் புத்தி அப்படிப் போகுது!" என்றாள் அத்தை.

அம்மாவே சிரித்துவிட்டாள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். நான்கு பேரும் கிளம்பினோம்.

காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் போகும்வரை மரங்கள் காற்றை மறைத்தன. மஞ்சக்குட்டைப் பக்கம் திரும்பும் பாதையைத் தாண்டியதும் தூறல் பிடித்தது. மேலே புல்வெளிக்கு வந்தபோது மறைவே இல்லை. காற்று நேராக வந்து அடித்தது. அம்மாவின் பற்கள் தந்தியடித்தன. பிறகு உடம்பே தூக்கிப் போட ஆரம்பித்தது.

"வந்துட்டா! அம்மன் வந்துட்டா!"

அத்தை அம்மாவின் கூந்தலை அவிழ்த்துவிட்டாள். சாமி வந்தவர்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். அதற்கென்றே ஒரு சொம்பில் கொண்டு வந்திருந்தாள். அத்தனையையும் அம்மாவின் தலையில் ஊற்றினாள்.

"அத்தை, இது சாமி இல்லீங்க! குளுரு உள்ள எறங்கீருச்சு. ஈரத்துணிய மாத்தோணும்."

"ஏங்கண்ணு, சாமி வந்தா எப்படி வெரட்டறதுன்னும் உங்க காலேசுல சொல்லித் தர்றாங்களா?"

மாற்றுவதற்கு எங்களிடம் ஒரே ஒரு காய்ந்த துணிதான் இருந்தது. அம்மனுக்கு வாங்கிய பச்சை நூல் சேலை. பிளாஸ்டிக் தாளில் சுற்றி அத்தையின் பைக்குள் இருந்தது. அதை யார் தொடுவது?

அப்பாவைப் பார்த்தேன். ஸ்வெட்டரைப் பாதி கழற்றிய கை அப்படியே நின்றிருந்தது.

"உன் உசுருக்கு வெச்ச வேண்டுதல் கண்ணு. நடுவுல உட்டா உனக்கு எதாச்சும் ஆயிருமோன்னு இருக்குது."

அவரை நான் என்ன சொல்ல? ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மனைவி.

அப்போதுதான் அந்த நடுக்கம் நின்றது. அம்மா ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். "தூங்கறேன், உடுங்க," என்றாள். நாக்கு குழறியது. உதடு நீலம் பூத்திருந்தது. சாமி மலையேறப் போகிறது என்று அத்தை சாந்தமானாள். ஆனால் மலையேற்ற முகாமில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. குளிரில் நடுங்குகிறவரை உடம்பு போராடுகிறது. நனைந்தபடியே இருக்கும்போது நடுக்கம் நின்று, பேச்சும் குழறினால், உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தூங்க விடக் கூடாது.

கண்ணை மூடினேன். நீளமாக வேண்ட நேரமில்லை. "சேர்வராயா, நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீ சொல்லு." அவ்வளவுதான் வேண்டினேன்.

அத்தை குனிந்து, அம்மாவின் முகத்தருகே கேட்டாள். "போறதுக்கு முன்ன சொல்லீட்டுப் போ தாயி. என்ன கொறை? உனக்கு என்ன வேணும்?"

அம்மாவின் உதடு அசைந்தது.

"சீலை."

"என்ன சீலை தாயி?"

"காஞ்ச... சீலை."

அத்தை பையைப் பிரித்த வேகத்தில் பிளாஸ்டிக் தாள் கிழிந்து காற்றில் பறந்தது.

"கேட்டுட்டா! அவளே கேட்டுட்டா! டேய், அந்தப் பக்கம் திரும்பி நில்லுடா! ஸ்வெட்டரக் கழட்டிக் குடு!"

ஈரத்தையெல்லாம் உரித்தோம். புதுச்சேலையை இரட்டையாகச் சுற்றினோம். மேலே அப்பாவின் ஸ்வெட்டர். மூவருமாகத் தூக்கிக்கொண்டு குகைக்கோயிலுக்குள் போனோம். பூசாரி தன் கம்பளியைக் கொடுத்தார். அதற்குள் நானும் நுழைந்து அம்மாவைக் கட்டிக்கொண்டேன். மறுபக்கம் அத்தை. கையைக் காலைத் தேய்க்க வேண்டாம் என்றேன். நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும் விடவில்லை; திடீர்ச் சூடும் ஆபத்து என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். இப்போது அத்தை எதற்கும் மறுத்துப் பேசவில்லை. அம்மா ஒழுங்காக விழுங்குகிறாள் என்று தெரிந்த பிறகுதான் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியை மடக்கு மடக்காகக் கொடுத்தோம்.

கொஞ்ச நேரத்தில் அம்மா மறுபடி நடுங்க ஆரம்பித்தாள். அத்தை பயந்துபோனாள். நான் அழுதேன். சந்தோஷத்தில்.

காய்கறி ஏற்ற வந்த ஜீப்பை அப்பா மறித்துக் கூட்டிவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், உடம்புச் சூடு ரொம்பவே இறங்கியிருக்கிறது, ஈரத்துணியிலேயே விட்டிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்றார். அன்று சாயங்காலம் அம்மா எழுந்து உட்கார்ந்து, கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள்.

சேலை கேட்டது அவளுக்கு ஞாபகமே இல்லை. "நானா கேட்டேன்?" என்று இன்றைக்கும் கேட்பாள். "நீ எங்க கேட்ட? அவ கேட்டா," என்பாள் அத்தை. நான் அந்த வாதத்துக்குள் போவதில்லை. அவர்கள் கேட்கிற குரலில் சொல்லு என்று வேண்டினேன். சாமி சொன்னது. கேட்டார்கள். எனக்கு அது போதும்.

தை பிறந்ததும் அம்மனுக்கு வேறு சேலை எடுத்துச் சாத்தினோம். அந்தப் பச்சைச் சேலையைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று அம்மா பூசாரியிடம் கேட்டாள். "அவ கட்டிவுட்ட சீலைங்க அது. எதுக்குங்க திருப்பறீங்க?" என்றார். படிப்பு ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம் என்று இருந்த எனக்கு அதன்பிறகு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு வேண்டுதலும் மாறிவிட்டது. நடந்து வருவது காய்ந்த துணியில். தலைக்கு ஊற்றுவது கோயில் வாசலில். கும்பிட்ட கையோடு துணி மாற்றிவிட வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொல்வது அத்தைதான்.

குடும்பத்தோடு குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்களே, கஷ்டம் வந்தால் சேர்வராயனைக் கூப்பிடுங்கள், அவன் கேட்பான். நான் கூப்பிட்டபோது கேட்டான். ஆனால் கிளம்பும்போது பையில் ஒரு காய்ந்த சேலையும் எடுத்து வையுங்கள். அன்றைக்கு அம்மாவின் வாயால் அவன் கேட்டதே அதைத்தான்.