வைக்கோல் போர் பார்த்து வாங்கிய பங்கு

நைனார்பாளையத்தில் தெய்வசிகாமணியை வேறு யாரும் ஏமாற்றிவிட முடியாது. அந்த வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

பெண் எடுக்கப் போனாலும் கொடுக்கப் போனாலும் எங்கள் பக்கத்தில் முதலில் கொல்லைப்புறம் போய் வைக்கோல் போரைப் பார்ப்பார்கள். போர் உயரமாக இருந்தால் வசதியான வீடு. 1987இல் மகள் ஜெயசுதாவின் கல்யாணத்துக்காகப் பணத்தைப் பெருக்க நினைத்தார் தெய்வசிகாமணி. முப்பது வருடமாகச் சுண்ணாம்புக்கல் வெட்டி விற்கும் ஒரு கம்பெனியின் பங்கை வாங்குவதற்கு முன், அதே கண்ணோடு அதன் கிடங்கைப் போய்ப் பார்த்தார். பனைமர உயரத்துக்குக் கல் குவிந்திருந்தது. மனம் குளிர்ந்து வீட்டுக்கு வந்தவர், நான்கு கறவை மாடுகளையும் விற்றுப் பங்கு வாங்கினார்.

கம்பெனியின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் என்னிடம் கொண்டுவந்தார். விற்காத சரக்கு இரண்டு மடங்கு, கடன் மூன்று மடங்கு, கையில் ரொக்கமே இல்லை. வாங்க ஆளில்லாமல்தான் கல் குவிகிறது, உடனே விற்றுவிடுங்கள் என்றேன். காகிதத்தில் எவனும் எதையும் அச்சடிப்பான், நான் கண்ணால் பார்த்தவன் என்று எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்தச் செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். வெட்டிப் போட்ட புளியமரங்கள் வழியெல்லாம் கிடந்தன. லாரி ஓடாததால்தான் பங்கு விலை இறங்கிவிட்டது என்றார். அந்த மரங்களை ஊரே பிளந்து அடுப்பெரித்து முடித்த பிறகும் அதையேதான் சொன்னார். தை பிறந்தபோது பங்கு கால் விலைக்குக்கூடப் போகவில்லை.

மாசியில் ரிஷிவந்தியத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நேராகக் கொல்லைப்புறம் போனார்கள்; நானும் கூடப் போனேன். போன வருடத்து வைக்கோல் அப்படியே இருக்க, அதன்மேல் புது வைக்கோலும் ஏறி, போர் வீட்டுக் கூரையைத் தாண்டி நின்றது. மாப்பிள்ளையின் அப்பா மாயவன் அண்ணாந்து பார்த்தார்.

"வசதியான வூடுதாங்க. இருவது பவுனு போட்ருங்க, போதும்."

தெய்வசிகாமணி போரைப் பார்த்தார். பக்கத்தில் காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகையைப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்தார்.

"அந்தக் கல்லும் இப்பிடித்தான் சும்மா குந்திக்கினு கெடக்குதா, வாத்தியாரே?"

ஆமாம் என்றேன். அவர் மாயவன் பக்கம் திரும்பி, இருபது பவுனுக்கும் சரி என்று தலையாட்டினார்.