நான் தண்ணீருக்குள் அமுக்கிய செல்லன்

எங்கள் 'குசினி'யில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் பச்சை ஈரலின் வாடை மூக்கில் ஏறும். வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடாத அம்மா, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு அதை மண்புழு அளவில் நறுக்கித் தருவார். எழுபதுகளில், மெல்பேர்னின் கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அப்பா தன் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்து தந்த பிராணிக்குத்தான் அந்த உபசாரமெல்லாம். ஒரு சாண் நீளக் கறுத்த உடல், நான்கு கால், கழுத்தின் இருபுறமும் இறகாய் விரிந்த செவுள்கள். கடைகளில் அதை 'நடக்கிற மீன்' என்று விற்றார்கள். அப்பாவோ அது மீனே இல்லை, சலமாந்தர் இனம், தவளைக்குச் சொந்தம், ஆனால் ஆயுள் முழுக்கத் தலைப்பிரட்டை மாதிரியே தண்ணீருக்குள் இருந்துவிடும் என்றார். ஒன்பது வயதில் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. 'செல்லன்' என்று பெயர் மட்டும் வைத்தேன்.

அப்பா வேலை விஷயமாக மூன்று வாரம் சிட்னிக்குப் புறப்பட்டார். "செல்லனைக் கவனமாப் பாத்துக்கொள் பிள்ளை, போட்டு வாறன்" என்று என்னிடம்தான் ஒப்படைத்தார். அவர் போனபின் செவுள்கள் நாளுக்கு நாள் சுருங்கின, வாலோரத்துச் சவ்வு கரைந்தது, ஈரலை அது திரும்பியும் பார்க்கவில்லை. "ஐயோ அம்மா, செல்லன் சாகப்போகுது!" என்று நான் கத்தியழ, ஊரிலிருந்து பார்சலில் வந்து நாங்களே பொத்திப் பொத்திப் பாவித்த மஞ்சளில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்தார் அம்மா.

"கிருமியெண்டால் இதுக்கு நிக்காது. நீ அழாதை."

செல்லனோ தொட்டியின் விளிம்பைப் பற்றி வெளியே ஏறத் தொடங்கியது. தண்ணீரை விட்டு வந்தால் செத்துப்போகுமே என்று பதறி உள்ளே அமுக்கினேன், ஏறியது, திரும்பவும் அமுக்கினேன். கடைசி வாரம் ஒருநாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட, தண்ணீரை விளிம்புவரை நிரப்பிப் பலகையால் மூடி, அப்பாவின் தடித்த புத்தகங்கள் இரண்டை மேலே ஏற்றிவிட்டுப் போனேன். பின்னேரம் வந்து திறந்தபோது அசைவில்லை.

மறுநாள் வந்த அப்பா, பத்திரிகைத் தாளில் கிடந்த உடலை நெடுநேரம் பார்த்தார். "கண்ணுக்கு இமை வந்திருக்கு. இது நோய் வருத்தமில்லை, பிள்ளை. எப்பவாவது ஒண்டு இப்பிடி மாறிக் கரைக்கு வரும். இதுக்கு மூச்சுவிடக் காத்துத் தேவைப்பட்டிருக்கு."

"அப்ப நான்தானோ சாக்காட்டினனான்?"

"இல்லை, என்ர மஞ்சள்தான்" என்று முந்திக்கொண்டார் அம்மா. அப்பா ஈரமாகிக் கிடந்த தன் புத்தகங்கள் இரண்டையும் துடைத்து அலமாரியில் வைத்தார்.

இன்று அந்த வீட்டை இடித்து மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இல்லை. கண்ணாடித் தொட்டிகளில் பெருகிக் கிடக்கும் இந்தப் பிராணி, மெக்சிகோவில் அதன் சொந்த ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டதாம். அழுக்குத் தண்ணீரும், மனிதர் கொண்டுபோய் விட்ட வேற்று மீன்களும் செய்த வேலை. அதைக் காப்பாற்றச் சிலர் பாடுபடுவதாகப் படிக்கும்போது சந்தோஷத்தைவிடப் பயம்தான் எனக்கு வருகிறது, ஏனென்றால் நானும் காப்பாற்றத்தான் பார்த்தேன். மஞ்சளா, பலகையா என்று இன்றைக்கும் குழம்புகிறேன். அமுக்கிய என் உள்ளங்கையை அது நான்கு காலாலும் மேலே தள்ளியது; சாகக் கிடக்கிற எதுவும் அவ்வளவு பலமாகத் தள்ளாது.