நான் சுரண்டிய ஆண்டு

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் படகு இயந்திரங்கள் திருத்துபவர். ஒரு பிரெஞ்சுத் தம்பதியின் பாய்மரப் படகு பழுதாகி நின்றபோது மூன்று நாள் வேலை செய்து அதை ஓடவைத்தார். போகும்போது அவர்கள் சிவப்பு வைன் போத்தல் ஒன்றைக் கொடுத்தார்கள். சாதாரணப் போத்தலைப்போல் இரண்டு மடங்கு. அன்று வெள்ளிக்கிழமை, நான் ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் தவணை.

அப்பா குடிப்பதில்லை. போத்தலைக் கேட்டவர் அம்மாவின் தம்பி, என் மாமா. இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்தவர், நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்கு விண்ணப்பித்திருந்தார்.

"அத்தான், அந்த மனேஜருக்குப் பிரெஞ்சு வைன் எண்டால் உயிர். திங்கக்கிழமை இதோட போனன் எண்டால் வேலை எனக்குத்தான்."

"வேலை உனக்கோ, போத்தலுக்கோ?" என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் திகதி பார்ப்பது என் பொறுப்பு. காலாவதியான பால்மா குடித்து என் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு அம்மா என்னிடம் ஒப்படைத்த வேலை அது. ஞாயிறு மத்தியானம் அலுமாரியைத் திறந்து போத்தலையும் பார்த்தேன். லேபலில் இருந்த ஆண்டு, நான் பிறப்பதற்கும் பதினான்கு வருடம் முந்தியது.

சொன்னால் மாமாவுக்குக் கிடைக்கவிருக்கும் வேலை போய்விடும். சந்திக் கடைக்காரர் பழைய டின்களின் திகதியைத் துடைத்து விற்பதை நான் கண்டிருந்தேன். ஆண்டைக் கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் குறித்துக்கொண்டு, லேபலை நனைத்து, அந்த நான்கு இலக்கங்களை மட்டும் நகத்தால் சுரண்டினேன். மனேஜருக்கு வயிற்றால் போனாலும் அது வேலை கிடைத்த பிறகுதானே.

மாலையில் மாமா போத்தலைத் திருப்பிப் பாராமலே பளபளப்புத் தாளில் சுற்றினார்.

திங்கள் பகல் போத்தலோடு திரும்பி வந்தார்.

"வருஷத்தைச் சுரண்டிப்போட்டு ஆரை ஏமாத்தப் பாக்கிறாய் எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டிட்டார், அக்கா. இனி அந்தப் பக்கம் போக ஏலாது."

"அந்தப் பிரெஞ்சுக்காரர் அப்பிடியே தந்திருப்பினம்," என்றார் அப்பா.

என்னை யாரும் கேட்கவில்லை. சுரண்டிய அடையாளத்துக்கே இப்படிக் கோபப்பட்டவர் ஆண்டையும் கண்டிருந்தால் மாமாவைப் பொலிசில் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன்.

பழையது என்பதற்காகவே ஒரு வைனுக்கு மதிப்பு என்று நான் வாசித்து அறிந்தபோது எனக்கு இருபது வயது. கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த வருடம் முடிவதற்குள் மாமா கட்டாருக்குப் போனார். ஏழு வருடம் வரவில்லை. விமான நிலையத்துக்கு அவரை ஏற்றிய வான் புறப்பட்டபோது, அவரைக் காப்பாற்றியது நான்தான் என்பதை என்றாவது ஒருநாள் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி கையசைத்தேன்.