என் விண்ணப்பத்தின் மேல் ஒரு சாவு

லண்டனில் இருக்கும் எங்கள் பெரிய அதிகாரி செத்துப்போய்விட்டார் என்று முழுசாகக் கால் மணி நேரம் நம்பினேன். சாதாரணச் சாவு இல்லை. என் விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் மேலேயே.

பெங்களூரில் எங்கள் பில்லிங் பிரிவை மாதக் கடைசியில் மூடப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதும் பிரிவில் ஒரே ஒரு இடம் இருந்தது. அதைக் கேட்டு லண்டன் அதிகாரிக்கு எழுதியிருந்தேன். நாற்பத்தொன்பது வயதுக்காரனை வெளியே எவன் சேர்ப்பான்? கிடைக்காவிட்டால் நடுத்தெருதான். அதனால் சந்தாபுராவிலிருந்து வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஆங்கிலம் படித்தேன். சிவாஜிநகரில் வாங்கிய பழைய புத்தகம். வினைச்சொல் ஒன்றுதான், வாலை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். 'பாஸ் அவுட்' என்றால் நம் ஊரில் காலேஜை முடிப்பது, அங்கே மயங்கி விழுவது. 'பாஸ் அவே' என்றால் சாவது. 'பாஸ் ஆன்' என்றாலும் சாவதுதான், கொஞ்சம் நாசூக்காக. பாஸ் என்றால் தெருவெல்லாம் மிட்டாய் கொடுக்கிறவன் நான். வெள்ளைக்காரன் பாஸானால் பாடைதான் போலிருக்கிறது.

இவ்வளவு படித்திருந்த நேரத்தில்தான் அவருடைய செயலாளரிடமிருந்து ஒரு வரி வந்தது: 'ஹி ஹேஸ் பாஸ்டு ஆன் யுவர் அப்ளிகேஷன்.'

சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். மனுஷன் போய்விட்டாரே என்பதற்காக என்று எழுத ஆசைதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாரா என்பதற்காக. உடனே பதில் தட்டி அனுப்பினேன்: ஆழ்ந்த இரங்கல், குடும்பத்தாருக்கு ஆறுதல், இனி என் விண்ணப்பத்தை யார் பார்ப்பார்கள்?

பக்கத்து சீட்டுக்காரர் கோலார் தங்கவயல் ஆள், தினமும் ரயிலில் வந்து போகிறவர். என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா குரு, எவன் செத்தான்?"

"லண்டன் பெரியவரு."

என் திரையை எட்டிப் படித்தார். "யோவ், மேல அனுப்பிட்டாருன்னு அர்த்தம்யா!"

"யாரு யார அனுப்பிட்டாங்க?"

"உன் அப்ளிகேஷன குரு! அவரு அத மேல அனுப்பினாரு, நீ அவரையே மேல அனுப்பிட்டே."

மெயிலைத் திரும்பப் பிடுங்க முடியுமா என்று கம்ப்யூட்டர் பார்க்கிறவரிடம் ஓடினேன். "போயிடுச்சு சார்" என்றார், டாக்டர் மாதிரி.

கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினேன். மேலே அனுப்புவது, சரிதான், இருந்தது. அதற்கும் கீழே, பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: வேண்டாம் என்று தள்ளிவிடுவது. இதற்கு அவர் செத்திருப்பதே பரவாயில்லை என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

சாயங்காலம் அவரே பதில் எழுதினார். தான் நலமாக இருப்பதாகவும், அந்த இடத்துக்கு என்னை எடுக்கவில்லை என்றும். மாதக் கடைசியில் எங்கள் பிரிவை மூடினார்கள்.