வெயிலில் காய்ந்த காட்டு மண்

1952 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. விடியும் முன் எழுந்து, பெரட்டுக் களத்தில் ஆட்களின் பெயர் கூப்பிட்டு, கோப்பி குடித்துவிட்டு, கேட் திறந்ததும் வரிசையில் நின்று சோதனைக்குக் கை தூக்கினேன். அலோர் காஜாவுக்கு அருகில் இருந்த அந்த மலாயா ரப்பர் தோட்டத்தில் நான் வெளிவேலையை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணி. கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து போராடிய அவசரகாலம் என்பதால் தொழிலாளர் லயங்களை முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று, ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது. எந்த மூட்டையானாலும் கேட்டில் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் இரும்புக் கம்பியைச் செருகிப் பார்ப்பார்.

என் பொறுப்பில் இருந்தது வேலிக்கு வெளியே ஒரு சரிவு. பழைய மரங்களை வெட்டி, எரித்து, மேல்மண்ணையும் சுரண்டித் தள்ளிவிட்டுப் பால்மரக் கன்று வைத்திருந்தார்கள். கன்றுகளுக்கு இடையே தரையை மூடுவதற்குப் பயற்றுக்கொடி விதைத்தோம். முளைத்தது, மஞ்சளாகி நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் நூல் போல வழவழப்பாக இருந்தது. காட்டோரத்துப் பழைய கொடியின் வேரிலோ கடுகளவு முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நுண்ணுயிர்கள் அந்த முடிச்சுகளில் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடிக்குக் கொடுக்கின்றன என்று ஆபீசுக்கு வந்த விவசாயக் கையேட்டில் படித்திருந்தேன். காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லை. விழுந்த இலையை மண்ணிலுள்ள உயிர்கள் மக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை வேர் எடுக்கும்படி மாற்றிக் கொடுக்கின்றன; மரம் அதை மறுபடியும் இலையாக்குகிறது. எங்கள் சரிவில் அந்தச் சுற்று அறுந்து போயிருந்தது.

அடுத்த விதைப்பும் மஞ்சளானால் கொடி வேலையை நிறுத்திவிடுவேன் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லியிருந்தார். நிறுத்தினால் கொடி போடும் பெண்கள் லாரியில் தோட்டத்தின் தூரத்துப் பகுதியான வெளி டிவிஷனுக்குப் போக வேண்டும். அந்தச் சாலையில் சில வாரங்களுக்கு முன்புதான் காட்டிலிருந்தவர்கள் ஒரு லாரியைச் சுட்டிருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு மூத்தவரான அக்காவுக்குக் கைக்குழந்தை. ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, வேலை நடுவே ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார். வெளி டிவிஷனிலிருந்து அப்படி வர முடியாது.

நன்றாக வளர்ந்த கொடியின் அடிமண்ணை விதையோடு கலக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. திங்களன்று காவலோடு காட்டோரம் போய் இரண்டு மூட்டை மண் வெட்டிக்கொண்டு வந்தோம். விதை இருந்த ஸ்டோரிலேயே மண்ணையும் வைத்தோம். புதன்கிழமை விதைப்பதாக ஏற்பாடு. செவ்வாயன்று விதை பொறுக்க அக்காவை ஸ்டோரிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தேன்.

மதியம் திரும்பி வந்தால், ஸ்டோர் வாசலில் தகரத்தின் மேல் அந்த மண் பரந்து கிடந்தது. அக்கா சல்லடையோடு நின்றிருந்தார்.

“என்னக்கா இது?”

“நல்லா காஞ்சிருச்சுங்கய்யா. மாவு மாதிரி சலிச்சுட்டேன், கைய விட்டுப் பாருங்க.”

“யாரு காயவைக்கச் சொன்னா?”

“யாரு சொல்லணும்? ஈர மண்ணு கட்டி கட்டியா இருக்கும். உள்ள அரிசியப் பொதைச்சிருக்கோம்னு கேட்டுல நிறுத்துவான். ஒரு பிடி அரிசிக்கு எங்க வீட்டுக்காரர நாள் பூரா வெயில்ல ஒக்கார வச்சானே, மறந்துட்டீங்களா?”

ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன். காட்டு மண்ணின் வாசனை போயிருந்தது. கையில் சுட்டது.

“இதுல உயிரு இருந்துச்சுக்கா. வெயில்ல முக்கால்வாசி செத்திருக்கும்.”

“முந்தியே சொல்றதுதானே லா! தூளி கட்டி ஆட்டியிருப்பேன்ல?” என்றவர், சல்லடையைக் கீழே வைத்தார். “அப்ப வெதைச்சா மஞ்சதானா? லாரிதானா?”

மண்ணை உள்ளே கொண்டுவருவதை விட்டு, விதையை வெளியே கொண்டுபோய்க் காட்டோரத்திலேயே கலந்துவிடலாம் என்றேன்.

“காட்டுப் பக்கம் வெதையக் கொண்டுபோனா பயறுன்னு புடிச்சுக்குவான்.”

“இப்பவே போய்க் காட்டிருவோம், வாங்க.”

கேட்டில் நின்ற மலாய்க் கான்ஸ்டபிள் விதையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “மக்கான்?” தின்பதா என்று கேட்டார்.

“மக்கான் லா, அபாங்! கடிச்சுப் பாருங்க. பல்லு போனா எங்கிட்ட வராதீங்க,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் அக்கா.

அவர் ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டுச் சிரித்தார். ஆனாலும் துரையின் சீட்டு வேண்டும் என்றார். ஆபீசுக்குப் போய், மண் காய்ந்துவிட்டதைச் சொல்லிக் கேட்டேன். துரை கையெழுத்துப் போட்டார், காவலுக்கும் ஆள் தருவதாகச் சொன்னார். “இதுதான் கடைசி விதை” என்றும் சொன்னார்.

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். கெட்டியான தோல் இளக, அவர் வழக்கம்போல் விதைமேல் வெந்நீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கேட்டார்:

“ஆறுன பெறகுதானே மண்ணக் கலக்கணும்? நான்பாட்டுக்குச் சூட்டோட கொட்டி, இன்னொரு தடவ கொன்னுறப் போறேன்.”

“ஆமாக்கா. காலைல நல்லா ஆறியிருக்கும்.”

புதன்கிழமை, பெரட்டு முடிந்ததும், முதல் வேலையாகக் காட்டோரத்துக்குப் போனோம். கொடியின் அடியில் வெட்டிய மண்ணை ஈரச் சாக்கில் கொட்டி, நிழலிலேயே வைத்து, அக்கா தன் கையாலேயே விதையோடு பிசறினார்.