வேப்பிலைக்கு அடியில் இருந்த மாத்திரை

மகமாயியின் பிள்ளைகள் எல்லோருக்கும் அரும்பாவூர் தங்கராசுவின் வணக்கம். இந்தச் சித்திரையில் மூன்று நாள் என் வீட்டுச் சின்ன அறையில் அடைபட்டுக் கிடந்தேன். மாத்திரையை விட்டால் நோய் என்னைக் கொன்றுவிடும். மாத்திரையைப் போட்டால் அம்மன் சும்மா விடமாட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் என் நிலைமை.

நான் டிராக்டர் ஓட்டுகிறவன். இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தபோது, கிளட்ச் மிதித்து மிதித்துக் கால் ஆணி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். ஆணி பிளாஸ்திரி ஒட்டி ஒட்டியே ஒரு வருடத்தை ஓட்டினேன். பிறகு தொடை இடுக்கில் நெறி கட்டியது. திருச்சியில் அறுத்துப் பார்த்துவிட்டு, மெலனோமா என்கிற தோல் புற்றுநோய், நுரையீரல் வரை போய்விட்டது என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில், பாடாலூரில் பஸ் நின்றபோது, இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்று தோன்றியது. எங்கே ஓடினாலும் நோய் கூடவேதானே வரும்!

அறுத்த சதையை இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பியதில் ஒரு வழி தெரிந்தது. என் நோயை வளர்க்கிற ஒரு குறிப்பிட்ட கோளாறு அதில் இருந்ததாம். அதை மட்டும் குறிவைத்து அடக்குகிற மாத்திரைகள் இருக்கின்றன, வீட்டிலேயே சாப்பிடலாம் என்றார் டாக்டர்.

"வேரோட பிடுங்கிடுமா சார்?" என்று கேட்டேன்.

"அடக்கி வைக்கும்ங்க. எத்தன நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லாத மனிதர்.

கண்ணையும் இதயத்தையும் பரிசோதித்துவிட்டு மாத்திரையைக் கொடுத்தார்கள். ஒன்று காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும். இன்னொன்று காலையில் மட்டும், அதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இரண்டுமே வெறும் வயிற்றில். சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான். நர்ஸம்மா ஒரு தாளைக் கையில் கொடுத்து நிறையச் சொன்னார். நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அந்தத் தாள் ஸ்கேன் கவருக்குள் போய், கவர் பீரோ மேல் போய்விட்டது. என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பதினோராம் நாள் சாயங்காலம் குளிர் தூக்கிப் போட்டது. மறுநாள் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. என்னைப் பார்க்க உடையார்பாளையத்திலிருந்து வந்திருந்த தனம் அக்கா, சட்டையை விலக்கிப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, ஆத்தா வந்துருக்கா டா."

அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை ஏறியது. தாளிப்பு நின்றது. பாயில் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்க வைத்தார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது, தண்ணீர் ஊற்றும் வரை நான் வாசலைத் தாண்டக்கூடாது.

"மாத்திர மருந்துங்கற பேச்சே இந்த வூட்டுல இருக்கக்கூடாது. ஆத்தாவுக்குக் கோவம் வந்துரும்" என்றாள் அக்கா.

என் மனைவி செல்வி மட்டும் மெதுவாகக் கேட்டாள். "ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுப் பாப்போமாங்க?" நான்தான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். அக்கா மேல் பழி போடமாட்டேன். நானும் அதையேதான் நம்பினேன்.

ஆனால் உயிராசை யாரை விட்டது? மாத்திரை டப்பாவை வேப்பிலைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஃப்ரிட்ஜ் மாத்திரையைச் செல்வி முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள். அம்மன் படுத்திருக்கும் பாயிலேயே படுத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் மருந்து விழுங்குகிறேன்! திருடன் மாதிரி இருந்தது. விழுங்க விழுங்கக் காய்ச்சல் ஏறியது. ஆத்தா கண்டுபிடித்துவிட்டாள், அதனால்தான் அடிக்கிறாள் என்று நடுங்கினேன். விட்டால் நுரையீரலில் இருப்பது வளருமே என்று அதற்கும் நடுங்கினேன். ஜன்னலுக்கு வெளியே என் டிராக்டர் நின்றது. எழுந்து அதைத் தொடக்கூட எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வாய்விட்டு அழுதேன். "தாயே, மாத்திரையா நீயா? என்னால முடியல. ஏதாவது ஒண்ணச் சொல்லிடு. எதுன்னாலும் ஏத்துக்கறேன்."

சொன்னால் நம்புங்கள், நான் கண்ணைத் துடைப்பதற்குள் செல்வியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா. அடுத்த பரிசோதனைக்கு நாள் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். செல்வி என்னைப் பார்த்தாள். அவள் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினாள். போனில் அந்தம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"முதல்ல ரெண்டு மாத்திரையையும் நிறுத்துங்க! காய்ச்சல் வந்தா நிறுத்திட்டு உடனே கூப்பிடுங்கன்னு சொன்னேன்ல? தாள்ல எழுதியிருக்கே! இப்பவே கூட்டிட்டு வாங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று நாளாக அக்கா எதைக் கூடாது என்றாளோ, அதைத்தான் ஆஸ்பத்திரியும் நிறுத்தச் சொல்கிறது. சண்டை அம்மனுக்கும் மருந்துக்கும் இல்லை. என் பயத்தில் நானே மூட்டிக்கொண்டது.

கார் வந்தது. அக்கா வாசலை மறித்து நின்றாள். "தண்ணி ஊத்தாம வெளிய போகக்கூடாது டா."

"அக்கா, மாத்திரைய நிறுத்தியாச்சு. ஆத்தா பேச்சக் கேட்டாச்சு. இப்ப டாக்டரு பேச்சயும் கேக்க விடு."

அவள் வாசல் வேப்பிலையில் ஒரு கொத்து பறித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டு, எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அது அம்மை இல்லை, மருந்தால் வந்த காய்ச்சலும் தடிப்பும்தான் என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். உடம்பில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது, இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். காய்ச்சல் முழுசாக விட்டபின், அவர் சொன்ன நாளில் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன். அன்று காலை அக்கா மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை எனக்கு ஊற்றினாள். பிறகு அவளே மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

ஆடியில் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் இருந்தது பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இன்னும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் அந்த அறையில் இருந்த பயம் இல்லை.

இப்போது எங்கள் சாமி மாடத்தில் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் இருக்கிறது. அந்தத் தாளும் சுவரில் ஒட்டியிருக்கிறது. தினமும் ஆறு மணிக்கு உடையார்பாளையத்திலிருந்து போன் வரும். "வெறும் வயிறுதானே டா?"

அன்பானவர்களே, தாயை நம்பிக் கேளுங்கள், பதில் வரும். உடம்பில் மாற்றம் கண்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்றைக்கு விளக்கேற்றிக் கும்பிட்டு எழும்போது, உங்கள் உள்ளங்காலையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். கால் ஆணி என்று நான் கவனிக்காமல் விட்ட இடம் அது.